ஆக்காட்டியும் ஆள்காட்டியும்

வன இலாகாவுக்குப் போன் போட்டது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் துப்புத் துலக்கிக்கொண்டு இருக்க வேண்டாம். போன் போட்டதற்கு அன்றும் நான் வருத்தப்படவில்லை, இன்றும் இல்லை. மறுபடி போடச் சொன்னாலும் போடுவேன். எனக்கு வருத்தம் ஒரே ஒரு அடியைப் பற்றித்தான். அது என் மேல் விழுந்த அடியும் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டி டெலிபோன் ஆபீஸில் எனக்கு வேலை. சனிக்கிழமை ஷிப்டு முடிந்ததும் வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டியவள், மொபெட்டை எடுத்துக்கொண்டு எப்போதும்வென்றான் என்கிற ஊருக்குப் போகிற திசையில் ஒரு கண்மாய்க்குப் போய்விடுவேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்தக் கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்தோட ஒரு ஓரத்தில் கல்சுவர் கட்டியிருந்தார்கள். கலுங்கு என்பார்கள். அதன்மேல் ஏறி உட்கார்ந்தால் முழுக் கண்மாயும் மடியில் விரித்த மாதிரி தெரியும். அங்கிருந்துதான் நான் வாத்துப் பார்ப்பேன்.

பைனாகுலர் என் வீட்டுக்காரர் சென்னையில் பழைய சாமான் கடையில் வாங்கியது. அவருக்குக் கொக்குக்கும் நாரைக்கும் வித்தியாசம் தெரியாது. "கறிக்கும் ஆகாது, கூட்டுலயும் அடைக்க ஏலாது, அதைப் பாக்க பெட்ரோல் போடுத ஒரே பொம்பள நீதான்" என்பார். ஆனால் ஒரு சனிக்கிழமையும் வண்டியில் பெட்ரோல் இல்லாமல் இருந்ததில்லை. யார் போட்டு வைத்தார்கள் என்று நானும் கேட்டதில்லை.

மழை சரியாகப் பெய்த வருஷங்களில் கார்த்திகையிலிருந்தே வாத்துகள் வந்துவிடும். ஊசிவால் வாத்துதான் எனக்கு உயிர். ஆண் வாத்தின் கழுத்தோரம் வெள்ளைக் கோடு ஒன்று ஏறும், நெற்றியில் வகிடு எடுத்த மாதிரி அத்தனை சுத்தமாக. எங்கோ பனி விழுகிற தேசத்திலிருந்து இந்தக் கரிசல்காட்டுத் தண்ணீரைத் தேடி வருகிறது. எங்கள் ஊருக்கு வேலை மாற்றலாகி வருகிற ஆபீசர்கூட அன்றைக்கே திரும்பிப் போக மனுப் போடுவான். இது வருஷம் தவறாமல் வருகிறதே என்று எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை.

பறவைப் பெயரெல்லாம் நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்து நானாகப் படித்துக்கொண்டது. டவுனில் பிறந்து டவுனில் வளர்ந்தவள். காட்டுவேலைக்குப் போன வழக்கம் இல்லை. புத்தகத்தில் என்ன பெயர் போட்டிருந்ததோ அதுதான் எனக்குப் பெயர். இந்த விஷயம் பின்னால் தேவைப்படும்.

அந்த வருஷம் தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, தண்ணீரில் கிடந்த வாத்துகள் சரியாக இல்லை என்று பட்டது. பைனாகுலரை வைத்துப் பார்த்தேன். கழுத்தை நிமிர்த்தாமல், தலை தண்ணீருக்குள் தொங்க, காற்று தள்ளுகிற பக்கமெல்லாம் போய்க்கொண்டிருந்தன. நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழிகளும் கிடந்தன. இடுப்பளவு தண்ணீரில் ஒருவன் நின்று, ஒவ்வொன்றாக எடுத்து உரச்சாக்கில் போட்டுக்கொண்டிருந்தான். மூக்கு கொஞ்சம் வளைந்த ஆள். பயிருக்குப் போடுகிற குருணை மருந்தை நெல்லில் கலந்து கரையோரம் தூவி வைத்திருக்கிறான். செத்ததை உரித்து, மஞ்சள் தடவி, டவுனில் கொண்டுபோய் விற்பான். வாங்குகிறவன் அதைத் தன் பிள்ளைக்கும் ஊட்டுவான்.

பைனாகுலரைப் பைக்குள் எறிந்து, வண்டியை உதைத்துக் கிளப்பி, நேராக ஆபீஸுக்கே திரும்பிப் போய் என் சீட்டில் உட்கார்ந்து போன் போட்டேன். பெயர் சொல்லவில்லை. வன இலாகாக்காரர்கள் வர மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் மறுவாரமே ஜீப்பில் வந்து, சாக்கோடு அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ரிமாண்டு என்று கேள்விப்பட்டேன். அந்த வாரம் சோறு நன்றாக இறங்கியது.

அதற்கு அடுத்த வாரம்தான் பயம் வந்தது. ஊரில் யார் போன் போட்டது என்று தேடுகிறார்களாம். எங்கள் ஆபீஸுக்குப் பால் கொண்டுவருகிறவர் சொன்னார். கண்மாய்ப் பக்கமே போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். திடீரென்று நின்றுவிட்டால் அதுவே என்னைக் காட்டிக் கொடுத்துவிடும் என்றும் தோன்றியது. ஆகவே மாசியில் ஒரு சனிக்கிழமை, ஒன்றும் தெரியாதவள் மாதிரி, ஃப்ளாஸ்கில் டீயோடு போய்க் கலுங்கில் உட்கார்ந்தேன்.

தண்ணீர் பாதிக்கு வற்றியிருந்தது. வாத்துகள் போய்விட்டன. சேற்றில் உள்ளான்கள் குத்திக் குத்தி இரை எடுத்துக்கொண்டிருந்தன. வில்லாக வளைந்து போகிற கரையின் அடுத்த முனையில் கடைசி மடை. அதற்கு அருகில் மேடான காய்ந்த தரையில் ஒரு ஆள்காட்டி அடை உட்கார்ந்திருந்தது. மூக்கோரம் சிவப்புத் தோல், நீளமான மஞ்சள் கால், ஆள் நடமாட்டம் கண்டால் ஊரைக் கூட்டுகிற தொண்டை. முட்டை இட்டிருக்கிறது என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

அதற்கும் அப்பால் அறுத்த சோளத்தட்டைக் காட்டில் தையிலிருந்தே ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். பசுவந்தனைப் பக்கத்து ஆட்டுக்காரரும் அவர் மனைவியும். அறுப்பு முடிந்ததும் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்து, காட்டில் இரவு அடைத்து எருவுக்குக் கிடை போடுவார்கள். வருஷா வருஷம் பார்த்துப் பழக்கம். அவர் அதிகம் பேசமாட்டார். அந்த அம்மாள் ஒருமுறை பைனாகுலரை வாங்கிப் பார்த்துவிட்டு, "யக்கா, இதுல பாத்தா எங்க வீட்டுல எம் மாமியா என்ன செய்யுதான்னு தெரியுமா?" என்று கேட்டாள்.

உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். பின்னால் செருப்புச் சத்தம். திரும்பினால் இரண்டு பேர். ஒருவர் நாற்பது தாண்டியவர், தோளில் துண்டு. இன்னொருவன் வயதில் இளையவன், கையில் கம்பு. பெரியவரின் மூக்கைப் பார்த்ததும் பைனாகுலரை மடியில் இறக்கி வைத்தேன். தண்ணீரில் நின்றவனின் அதே வளைந்த மூக்கு. அண்ணன்காரர்.

"போன் ஆபீஸ் அம்மாதான நீங்க?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி."

"இங்கன உக்காந்து என்ன பாக்கீங்க?"

எனக்குப் பயம் வந்தால் வாய் நிற்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கோபம் வந்தால் பேச மாட்டேன், பயம் வந்தால் பேசிக்கொண்டே இருப்பேன். குருவிக் கிறுக்கு பிடித்த பொம்பளை என்று நினைத்துக்கொண்டு போய்த் தொலையட்டும் என்று, கண்ணில் பட்டதைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"ஆள்காட்டியப் பாத்துக்கிட்டு இருக்கேன் அண்ணாச்சி."

கம்பு வைத்திருந்தவன் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினான்.

"ஆள்காட்டியையா?" என்றார் பெரியவர். குரல் இறங்கிவிட்டது. "எங்கன இருக்கு?"

"அந்தா, கடைசி மடைக்கு அங்கிட்டு." கையை நீட்டிக் காட்டினேன். என் விரலுக்கு நேரே மடை, அதற்கு நேரே குருவி, அதற்கும் நேரே ஆட்டுக்கிடை. "ரொம்ப நாளா அங்கனயேதான் சுத்துது."

"நெசமாத்தான் சொல்லுதீங்களா?"

"நான் ஏன் பொய் சொல்லப்போறேன்? ஒரு ஆளு கம்மாக்குள்ள எறங்கிரக் கூடாது, ஒடனே ஊருக்கே காட்டிக் குடுத்துரும். அதுக்கு அதான வேல."

"தனியாவா?"

"சோடி உண்டு. பொட்டையும் பக்கத்துலதான் கெடக்கும்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் துண்டை உதறி இடுப்பில் கட்டினார். பிறகு என்னிடம் குனிந்து, ரொம்ப மரியாதையாக, "நீங்க சொன்னதா யார்ட்டயும் சொல்ல மாட்டோம்மா. பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கரையோடு நடந்தார். மற்றவன் பின்னாலேயே போனான்.

ஒரு குருவி இருக்கிற இடத்தை நான் சொன்னேன் என்பதில் என்ன ரகசியம் கிடக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. கிறுக்கன் என்று நினைத்துக்கொண்டேன். தப்பித்துவிட்டோம், எப்படிப் பேசிச் சமாளித்தோம் என்று ஒரு பெருமை வேறு. டீயை ஊற்றிக் குடித்தேன்.

போகிறவர்கள் முட்டையை மிதித்துவிடக் கூடாதே என்று பைனாகுலரை எடுத்தேன். கரை வளைந்து போவதால் அவர்கள் மடையை நெருங்க நேரம் பிடித்தது. நெருங்கியதும் ஆள்காட்டி எழும்பி, தலைக்கு மேலேயே சுற்றிச் சுற்றிக் கத்தியது. இவ்வளவு தூரத்துக்கும் கேட்டது. பெரியவர் கொசுவை விரட்டுகிற மாதிரி துண்டால் ஒரு வீசு வீசினார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. குருவியைப் பார்க்கத்தானே போனார்கள் என்று நினைத்தேன். அவர்கள் நிற்காமல் போனார்கள்.

கிடையில் ஆட்டுக்காரர் எழுந்து நிற்பது தெரிந்தது. அவர் மனைவி அடுப்புக்கு முன்னால் குத்தவைத்திருந்தாள். கம்பு வைத்திருந்தவன் நேராகப் போய் அடுப்பில் இருந்த பானையை எட்டி உதைத்தான்.

பெரியவர் சொல்லிவிட்டுப் போனது அப்போதுதான் காதில் திரும்பி விழுந்தது. யார்ட்டயும் சொல்ல மாட்டோம். நான் பேசிய ஒவ்வொன்றையும் மனதுக்குள் திருப்பிப் பார்த்தேன். ஆள்காட்டி. காட்டிக் குடுத்துரும். அதான் வேல. சோடி உண்டு. ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். நான் புத்தகத்துக் குருவியைச் சொல்ல, அவர்கள் அதைப் போன் போட்டுக் காட்டிக் கொடுத்த ஆள் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் செய்த காரியத்துக்கு அசலூரிலிருந்து பிழைக்க வந்தவரைக் கையை நீட்டிக் காட்டிக் கொடுத்திருக்கிறேன்.

கரைமேல் வேலிக்கருவை முள் அடைத்துக் கிடந்தது. ஒற்றையடிப் பாதையில் வண்டி போகாது, நடந்தால் வளைந்து வளைந்து எப்போது போய்ச் சேர. சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு கண்மாய்க்குள்ளேயே இறங்கிக் குறுக்கே ஓடினேன். கரிசல் சேற்றைப் பற்றித் தெரிந்தவர்கள் இந்த வேலை செய்ய மாட்டார்கள். மேலே பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்த மாதிரி தெரியும். கால் வைத்தால் உள்ளே களி. முதல் எட்டிலேயே ஒரு செருப்புப் போனது, கொஞ்சம் தள்ளி இன்னொன்று. ஒவ்வொரு காலிலும் அம்மிக்கல்லைக் கட்டின மாதிரி மண் ஏறிக்கொண்டது. உள்ளான்கள் அத்தனையும் ஒரே வீச்சில் எழும்பிப் போயின. எத்தனையோ சனிக்கிழமை ஒரு குருவியைக்கூடக் கலைக்காமல் மூச்சை அடக்கி உட்கார்ந்தவள், அன்றைக்கு மொத்தக் கண்மாயையும் கலைத்துவிட்டு ஓடினேன். "குருவி, அது குருவி" என்று கத்தினேன். பாதியில் மூச்சு வாங்கி, அதுவும் நின்றுபோனது.

கரையேறும்போது பெரியவர் ஆட்டுக்காரரின் தோள்துண்டைக் கழுத்தோடு முறுக்கிப் பிடித்திருந்தார். ஆட்டுக்காரர் முட்டி போட்டிருந்தார். அந்த அம்மாள் அழவில்லை. கிடைக்கு முன்னால் கையை விரித்து நின்று, "எங்களுக்கு ஒண்ணும் தெரியாது சாமி" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, விடுங்க. நான் சொன்னது இவியள இல்ல. குருவியச் சொன்னேன்."

"எந்தக் குருவி?"

"ஆள்காட்டி. தலைக்கு மேல கத்துது பாருங்க."

அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "அது ஆக்காட்டில்லா?"

"அதான். புஸ்தகத்துல ஆள்காட்டின்னு போட்டிருக்கு."

"ஆக்காட்டின்னா ஆக்காட்டின்னு சொல்லணும். ஆள்காட்டின்னா காட்டிக் குடுக்க ஆளயில்லா சொல்லும்" என்றார். எனக்குப் பாடம் எடுக்கிற மாதிரிதான் சொன்னார், துண்டின் பிடியை மட்டும் விடவில்லை.

"மச்சான், இவிய பேச்ச மாத்துதாவ. இவனக் காப்பாத்தத்தான் ஓடி வந்திருக்காவ" என்றான் கம்புக்காரன்.

நான் நடந்து போய் முட்டையைக் காட்டினேன். கூடு கிடையாது. கட்டாந்தரையில், சரளைக்கல் நடுவில், கல்லோடு கல்லாக நான்கு முட்டை. பெரியவர் ஆட்டுக்காரரை விட்டுவிட்டு வந்து குனிந்து பார்த்தார். அந்த அம்மாளும் அங்கிருந்தே, "ஆமா சாமி, பத்து நாளாக் கெடக்கு. அதுக்காவத்தான் ஆட்ட இந்தப் பக்கம் விடாம மறிச்சிக்கிட்டு கெடக்கோம்" என்றாள். முடிந்தது என்று நினைத்தேன்.

பெரியவர் நிமிர்ந்தார். "சரி. நீங்க சொன்னது குருவின்னே வையிங்க. அப்பம் போன் போட்டது யாரு?"

நான் குனிந்து முட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எந் தம்பி தண்ணிக்குள்ள எறங்குனத இங்கனயே ராப்பகலாக் கெடந்து பாத்த அசலூர்க்காரன் இவன் ஒருத்தன்தான். ஊர்க்காரன் எவனும் செய்ய மாட்டான். நீங்க குருவியச் சொன்னாலும், கை காட்டுன எடம் சரியாத்தான் இருக்கு."

கம்புக்காரன் அதற்காகவே காத்திருந்தவன் போல ஓங்கி ஒன்று போட்டான். ஆட்டுக்காரரின் தோளில் விழுந்தது. ஈரத்துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம். அவர் கையைத் தரையில் ஊன்றிக்கொண்டார். தலையை மட்டும் தூக்கி என்னைப் பார்த்தார்.

நான் மண்ணுப் பிள்ளையார் மாதிரி நின்றேன். வாய் ஓயாதவள் என்று பெயர் வாங்கியவளுக்கு, அந்த ஒரு நேரம் வாயில் வார்த்தை இல்லை. தனியாக வண்டியில் திரும்ப வேண்டிய ரோடு நினைவுக்கு வந்தது. வீட்டில் பள்ளிக்கூடம் போகிற மகள் நினைவுக்கு வந்தாள். பெயர் சொல்லாமல் ஆபீஸ் போனில் பேசினேன் என்று மேலிடத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதுகூட நினைவுக்கு வந்தது. மனுஷர் அடி வாங்கிக்கொண்டிருக்கிறார், நான் அங்கே நின்று என் வேலையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

கம்பு மறுபடி மேலே போனது.

"நான்தான்" என்றேன்.

குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "நான்தான் போன் போட்டேன். ஒங்க தம்பி மருந்து வச்சுக் கொன்ன வாத்த டவுன்ல கறின்னு விக்காரு. எம் பிள்ளையும் அதே டவுன்லதான் சாப்பிடுது. அடிக்கணும்னா என்னய அடிங்க. அந்த மனுசன் ஒண்ணும் செய்யல."

ஆக்காட்டி இன்னும் கத்திக்கொண்டிருந்தது. பெரியவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு முழங்கால்வரை அப்பியிருந்த மண்ணைப் பார்த்தார். சேற்றில் ஓடி வந்த தடம் கண்மாய்க்குள் கடைசிவரை தெரிந்தது. அதையும் பார்த்தார். நான் சொல்வது நெசம் என்று அதிலேயே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கம்பை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார்.

"பொம்பளையாப் போயிட்டீங்க" என்றார். "இனிமே இந்தக் கம்மாக்கரையில ஒங்களப் பாக்கப்பிடாது."

இரண்டு பேரும் திரும்பினார்கள். போகும்போது பெரியவர் முட்டை கிடந்த இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போனார். அதையும் நான் சொல்லியாக வேண்டும். அந்தக் கண்மாய்க்கு அதற்குப் பிறகு நான் போகவில்லை. இப்போதெல்லாம் குளத்தூர்ப் பக்கத்து உப்பளத்துக்குப் போய்ப் பூநாரை பார்ப்பதோடு சரி.

அவர்கள் தலை மறைந்ததும் அந்த அம்மாள் தண்ணீர் கொண்டுவந்து என் காலில் ஊற்றினாள். புருஷன் தோள் வீங்கிக் கிடக்க, என் காலைக் கழுவ வருகிறாளே என்று எனக்கு உடம்பு கூசியது. வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. ஊற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"வந்த ஒடனே சொல்லிருந்தா இந்த ஒரு அடி விழுந்திருக்காதுல்லா, யக்கா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் ஆட்டுக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் உடைந்த பானை ஓட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். மன்னிச்சிருங்க என்று ஆரம்பித்தேன். அவர் நல்ல கையைத் தூக்கி நிறுத்தினார்.

"நீங்கதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும் தாயி. எப்பமும் பொழுதடையமட்டும் கலுங்குல இருக்கவிய, அவன் சாக்கோட நிக்கத பாத்துட்டு வண்டிய ஒதச்சிக்கிட்டுப் போன போக்கே சொல்லிச்சு. மறுவாரம் ஜீப்பு வந்துட்டு."

அவர் முட்டி போட்டு இருந்ததும், அடி விழுந்த பிறகு என்னைப் பார்த்த பார்வையும் கண்ணுக்குள் வந்தன. எல்லாம் தெரிந்துதான் பார்த்திருக்கிறார்.

"தெரிஞ்சும் அவங்ககிட்ட ஏன் சொல்லல? ஒரு வார்த்த சொல்லிருந்தா ஒங்கள விட்டிருப்பாங்களே."

அவர் கையில் இருந்த ஓட்டைக் கீழே வைத்தார். "நான் என்ன ஆள்காட்டியா தாயி?" என்றார்.